நீலச்சிறகி 412-க்காக உட்காராமல் இருந்தவருக்கு

கரையான்சாவடி பறவை நச்சுயிரி ஆய்வுக் களநிலையத்தின் முதுநிலை ஆய்வக நுட்புநர் திருமதி ஞானகுமாரி கிறிஸ்துராஜ் அம்மையார் அவர்கள், முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் 30.4.1997 புதன்கிழமை மாலை, உடன் பணிபுரிவோர் ஒன்றுகூடி உவந்து படித்தளிக்கும் மடல்.

ஏரிதோறும் இறங்கி ஏறிய ஏற்றமே! வலை விரித்த விடியல்தோறும் வாத்துகளுக்கு முன்பே வந்து நின்ற வல்லமையே! கொக்கின் குடலிலும் நாரையின் நாசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் நச்சுயிரிகளின் குலமும் கிளையும் தேடிய கூர்மதியே! பஞ்சுக்குச்சியே படைக்கலமாக, பனிக்கட்டிப் பெட்டியே பல்லக்காக, பறவைகளின் பின்வாசல் வழியே பேருண்மை காணப் புறப்பட்ட பெருந்தகையே! ஓயாது இயங்கும் எந்திரமே என்றும் எழுதத்தான் நினைத்தோம். எந்திரம் மின்வெட்டில் நின்றுவிடும், தாங்கள் நிற்பதில்லை என்பதால் அந்த வரியை அடித்துவிட்டோம்! வணக்கம்!

இப்படியே இரண்டு பக்கம் எழுதலாம். எழுதியும் வைத்திருந்தோம். ஆனால் நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் என்ன செய்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நிலையத்தின் வெள்ளிவிழாவில் தங்கள் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "இன்குபேட்டரப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனவர் தாங்கள். சால்வையோடு மேடையேறிய விருந்தினர் அதை வெற்று நாற்காலிக்குப் போர்த்திவிட்டு இறங்கினார். அந்தப் புகைப்படம் இன்னும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

ஆகவே இந்த வரியோடு தங்களைத் 'தாங்கள்' என்று அழைப்பதை நிறுத்திக்கொள்கிறோம். ஞானகுமாரி என்ற ஒருவரின் கதையை இந்த அவைக்குச் சொல்லப் போகிறோம். அது வேறு யாரோ என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். வாசலில் நிற்கும் உதவி நுட்புநர் கஸ்தூரியின் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஒன்றும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம்.

ஞானகுமாரி 1966-இல் சோதனைக்குழாய் கழுவும் வேலைக்குத்தான் இந்த நிலையத்துக்கு வந்தார். கணவர் கிறிஸ்துராஜுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பும் அங்கேயே. கழுவிய குழாயைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறவர் அல்ல அவர். அந்தக் குழாயில் என்ன இருந்தது, அது ஏன் கலங்கியது, நேற்றுக் கலங்காதது இன்று ஏன் கலங்கியது என்று கேட்டுக்கொண்டே நிற்பார். கேள்வி தாங்காமல் ஒரு கட்டத்தில் டாக்டர்களே அவர் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு பரீட்சை எழுதினார், நுட்புநர் ஆனார், முதுநிலை நுட்புநரும் ஆனார். கேள்வி மட்டும் குறையவில்லை.

அவர் செய்த வேலை என்ன என்று வந்திருக்கும் உறவினர்களுக்கும் தெரிய வேண்டும். குளிர்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் பருத்திப்பட்டு ஏரிக்கும் எங்கிருந்தெல்லாமோ வாத்துகள் வந்து இறங்கும். விடிவதற்குள் எங்கள் வலைக்காரர் உத்தமன் நாணலோரம் வலை கட்டுவார். சிக்கிய பறவையைச் சிறகு நோகாமல் எடுத்து, பஞ்சுக்குச்சியால் தொண்டையிலும் பின்புறத்திலும் தடவி, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட வேண்டும். குச்சியில் ஒட்டியதைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, பத்து நாள் அடைகாத்த கோழிமுட்டைக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். வைரஸ் உயிருள்ள இடத்தில்தான் பெருகும்; முட்டைக்குள் இருக்கும் கரு அதற்கு இடம் கொடுக்கிறது. சில நாள் கழித்து முட்டைநீரை எடுத்துக் குழித்தட்டில் ஊற்றி, கோழியின் சிவப்பணுக்களைச் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். வைரஸ் இல்லை என்றால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் போய் ஒரு பொட்டாக உட்காரும். இருந்தால் பொட்டு விழாது. அடி முழுவதும் மெல்லிய விரிப்பாகப் படர்ந்து நிற்கும். பொட்டா, படர்வா என்பதுதான் ஞானகுமாரியின் முப்பது வருஷத்துப் பாடு.

நாற்பது நிமிடம் கழித்துத் தட்டைப் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் தட்டை வைத்துவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். ஞானகுமாரியால் முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து குனிந்து பார்ப்பார், நடப்பார், மறுபடி வந்து பார்ப்பார். அவர் நடந்து நடந்து ஆய்வறையில் மேசைக்கும் சன்னலுக்கும் நடுவே சிமெண்டுத் தரை பளபளத்துப் போயிற்று. கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிச் சலித்த கஸ்தூரி, கடைசியில் அந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசைக்குப் போட்டுக்கொண்டார்.

1987 பிப்ரவரியில் பருத்திப்பட்டு ஏரியில் ஒரு நீலச்சிறகி சிக்கியது. சின்ன வாத்து, ஆண், இறக்கையில் சாம்பல் நீலம். வலது காலில் ஒரு விரல் இல்லை.

"அம்மா, இத்த பாருங்கோ. வெரலு ஒண்ணு காலி. அப்பிடியே அவ்ளோ தூரம் பறந்து வந்துகீது" என்றார் உத்தமன்.

"கெட்டிக்காரன்தான். புடிங்க, நழுவிடப் போறான்" என்று ஞானகுமாரி குச்சியை எடுத்தார். எண் நானூற்றுப் பன்னிரண்டு.

அந்த எண்ணின் முட்டைநீரைத் தட்டில் ஊற்றிய அன்று, இருபதாவது நிமிடத்தில் ஞானகுமாரி குனிந்தபோது குழி படர்ந்திருந்தது. மெலிதாக, ஓரம் கிழிந்தாற்போல, ஆனால் படர்ந்திருந்தது. நோட்டில் எண்ணுக்கு எதிரே 'சந்தேகம்' என்று எழுதினார். கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று போய் அழைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் பொட்டு விழத் தொடங்கிவிட்டது. நாற்பதாவது நிமிடத்தில் மற்ற குழிகளைப் போலவே அதுவும் அழகான சிவப்புப் பொட்டு. விதிப்படி நாற்பதாவது நிமிடத்தில் கண்டதுதான் கணக்கு. இருபதாவது நிமிடத்தில் கண்டதைப் பார்த்த இன்னொரு கண் இல்லை. ஞானகுமாரி தன் கையாலேயே 'சந்தேகம்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோடு அவரைத் தூங்கவிடவில்லை என்று கிறிஸ்துராஜ் ஐயா எங்களிடம் சொல்லியிருக்கிறார். கண்ணில் கண்டதைக் கையால் அடித்துவிட்டோமே என்பதுதான் அவருடைய குடைச்சல்.

அந்தக் குளிர்காலத்தில் பிடித்த பறவைகள் ஐந்நூற்று நாற்பது. ஐந்நூற்று நாற்பதிலும் பொட்டு. ஒன்றில்கூடப் படர்வு இல்லை. அடுத்து வந்த ஏப்ரலில் பட்டாபிராமம் முதல் நெமிலிச்சேரி வரை வீட்டுக் கோழிகள் வெள்ளைக் கழிச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஏரிக்கு வந்த வாத்துகள்தான் கொண்டுவந்தன என்று சனங்கள் கொதித்தார்கள். பட்டாசு வெடித்துப் பறவைகளை விரட்டினார்கள். அப்போது நிலையத் தலைவராக இருந்த டாக்டர் மனோகரன் ஜூலையில் அறிக்கை அனுப்பினார். இந்த வட்டாரத்துக் காட்டுப் பறவைகளிடம் வெள்ளைக் கழிச்சல் வைரஸ் இல்லை என்றது அறிக்கை. நுட்புநர் என்ற இடத்தில் ஞானகுமாரியின் கையெழுத்து இருந்தது.

முட்டைகள் எங்கிருந்து வந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். கடை முட்டை உதவாது. பண்ணைக் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அந்தக் காப்பு முட்டைக்குள்ளும் இறங்கி, நாம் தேடும் வைரஸைத் தலையெடுக்க விடாமல் அமுக்கிவிடும். தடுப்பூசி போடாத நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும். அதை நெமிலிச்சேரியில் பொன்னியம்மாள் கொடுத்துவந்தார். கோழிகளுக்கு ஊசி போடக்கூடாது என்பதுதான் அவரோடு பேச்சு. செவ்வாய்தோறும் ஞானகுமாரி நெமிலிச்சேரிக்கு ரயிலில் போய், உமி நிரப்பிய கூடையில் முட்டைகளை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆவடிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கரையான்சாவடி வருவார். பஸ் குலுங்கினால் எழுந்து நின்றுகொள்வார், கூடையைத் தூக்கிப் பிடித்தபடி.

அந்த ஏப்ரலில் தெருவெல்லாம் கோழி செத்தபோது பொன்னியம்மாள் வீட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஞானகுமாரி அதைக் கண்டார். கண்டு மகிழ்ந்தார். "பொன்னியக்கா, உங்க கை ராசியான கை" என்று சொல்லிவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு வந்தார். குழாய் ஏன் கலங்கியது என்று கேட்டவர், கோழி ஏன் சாகவில்லை என்று கேட்கவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது; எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது பிழையாகவும் தோன்றாது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பொன்னியம்மாள் வெற்றிலை போட உட்கார்ந்து இடுப்பிலிருந்து சுண்ணாம்பு எடுத்தார். சுண்ணாம்பு இருந்தது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில். விரல் நீளம், வாயில் ரப்பர் மூடி. ஞானகுமாரிக்கு அந்தப் புட்டியைத் தெரியும். கூடையைக் கீழே வைத்தார்.

"இது ஏதுக்கா?"

"இதுவா? போன வருசம் பட்டாபிராம்ல முகாமு போட்டாங்கோ இல்ல, அங்க குடுத்தது. மருந்து காலியாச்சு, சுண்ணாம்புக்கு தோதா கீதுன்னு வாங்கிக்கினு வந்தேன்."

"கோழிக்கு ஊசி போட்டீங்களா?"

பொன்னியம்மாள் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "ஆமா, போட்டேன். அக்கம் பக்கத்துல சொன்னாங்கோ, இந்த வருசம் நோவு பலமா வரும்னு. உன்கிட்ட சொன்னா முட்ட வாங்கமாட்டே. அத்தொட்டு சொல்லல." தலையை நிமிர்த்தினார். "நீயே சொல்லு ஞானம்மா. புள்ளயாட்டம் வளத்த கோயிங்கோ. சாவட்டும்னு உட்ருக்கணுமா?"

ஞானகுமாரி அன்று முட்டைகளை வாங்கிக்கொண்டுதான் வந்தார். வாங்காமல் வந்தால் பொன்னியம்மாள் மனம் நொந்துபோவார் என்று தோன்றியதாம்.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் புகழவே வந்த இந்த மடலில் இதையும் எழுதுகிறோம். எழுதாவிட்டால் அவரே எழுந்து சொல்லிவிடுவார். ஒன்பது நாளும் அவர் நடந்தார். மேசையிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து மேசை. ஐந்நூற்று நாற்பது பறவைகள், இரண்டு ஏரிகள், உத்தமனின் சேறு காயாத நான்கு மாதங்கள் எல்லாமே வீண். சொன்னால் அறிக்கை போகும், தலைவர் பெயர் போகும், ஒருவேளை நிலையமே போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சுண்ணாம்புப் புட்டி பொன்னியம்மாள் இடுப்பிலேயே இருக்கும். பத்தாம் நாள் காலை அவர் மனோகரன் ஐயாவின் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், அந்த அறிக்கையத் திருப்பி வாங்கணும்."

மனோகரன் ஐயா முழுவதையும் கேட்டார். பிறகு, "நாம பொய் எழுதலையேம்மா. பாத்ததத்தானே எழுதினோம்" என்றார்.

"பாத்தது சரிதான் சார். பாத்த முட்டை சரியில்ல."

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மனோகரன் ஐயா இந்த உரையாடலை எழுத எங்களுக்கு அனுமதி தந்தார். எழுதிக் காட்டியபோது, தாம் அன்று கொஞ்சம் சத்தமும் போட்டதாகச் சொல்லித் திருத்தினார். சத்தம் போட்டுவிட்டு அன்று மாலையே அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அடுத்த ஆண்டு அந்தத் திட்டம் மூடப்பட்டது. ஞானகுமாரிக்கு வரவேண்டிய உயர்வு நான்கு ஆண்டு தள்ளிப்போனது. பழைய மாதிரிகளை எல்லாம் கொதிகலனில் போட்டு அழித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது.

ஞானகுமாரி மறுபடி தலைவர் அறைக்குப் போனார். "ஒரு கேன் மட்டும் விட்டுடுங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த ஒரு கேனில், உறைகுளிர்ந்த திரவ நைட்ரஜனுக்குள், ஐந்நூற்று நாற்பது சின்னக் குப்பிகள் பத்தாண்டு இருந்தன. நைட்ரஜன் தானாகவே ஆவியாகும். வாரம் ஒரு முறை ஊற்றாவிட்டால் எல்லாம் போச்சு. வெள்ளிக்கிழமைதோறும் பாடியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து அதை வாங்கி வருவார். ஜீப் இல்லாத வாரங்களில் ஆட்டோ. ஒரு முறை பாடி முனையில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டபோது கேனின் வாயிலிருந்து வெண்புகை வழிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிதறி ஓடினார்கள்.

"இன்னாம்மா இது, வெடிச்சுகிடிச்சு வைக்குமா?" என்று ஆட்டோக்காரர் இறங்கி ஓடப் பார்த்தார்.

"வெடிக்காதுப்பா. ஆனா நீ சீக்கிரம் ஓட்டினா எனக்கு உதவியா இருக்கும்" என்றாராம் ஞானகுமாரி. அவர் ஓட்டிய வேகத்தில் எட்டு நிமிடம் முன்னதாகவே கரையான்சாவடி வந்துவிட்டதாக அன்றைய பதிவேட்டில் இருக்கிறது.

முட்டைக்கு என்ன செய்தார் என்றும் கேட்பீர்கள். நெமிலிச்சேரிக்கே போனார். அவர் வருவதைப் பார்த்துப் பொன்னியம்மாள் வீட்டுக்குள் போய்விட்டார். ஞானகுமாரி வாசலிலேயே நின்றார். கடைசியில் பொன்னியம்மாள்தான் வெளியே வந்தார்.

"புதுசா குஞ்சு பொரிச்சு, கம்பி வல போட்டு, தனியா உட்டுடறேன். ஆறு கோயி. ஊசியே போடமாட்டேன். உனக்கோசரம்" என்றார்.

"நோவு வந்தா செத்துடுமேக்கா."

"செத்தா அயுவேன். அப்பறம் மறுக்கா குஞ்சு பொரிப்பேன்."

பத்தாண்டில் மூன்று முறை அவர் அழுதார், மூன்று முறை மறுபடி பொரித்தார். அந்தக் கோழிகளின் ரத்தத்தை மாதந்தோறும் சோதித்த பிறகுதான் ஞானகுமாரி ஒரு முட்டையைத் தொடுவார். மிச்சமாகும் முட்டைகளில், மற்ற வேலைகளுக்கு நடுவே, வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு என்று பழைய குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். யாரும் கேட்காத வேலை. ஐந்நூற்று முப்பத்தொன்பது குப்பிகள் முடிந்தபோது பதினொன்றில் படர்வு கிடைத்திருந்தது. அத்தனையும் ஒரே வெள்ளைக் கழிச்சல் குடும்பம்தான், ஆனால் குணம் வேறு வேறு: சில இரண்டே நாளில் கருவைக் கொன்றன, சில ஐந்து நாள் எடுத்துக்கொண்டன, சில கருவை ஒன்றும் செய்யாமல் உள்ளே சும்மா குடியிருந்தன. ஒரே ஏரி, ஒரே குளிர்காலம், ஒரே வாத்துக் கூட்டம். அதற்குள் இத்தனை விதம் இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் முதலில் கண்டவர் எங்கள் ஞானகுமாரி. ஒன்றுமே இல்லை என்று கையெழுத்திட்டவரும் அவரே என்பதை அவர் எங்களை மறக்கவிட்டதில்லை.

மிச்சம் இருந்தது 412 மட்டும். மற்றவை எல்லாம் முழுக் குப்பி, இது மட்டும் அரைக் குப்பி. ஒரு முறை திறந்தால் மறுமுறை கிடையாது. அதற்குப் பயந்தே அவர் பத்தாண்டு அதைத் தொடவில்லை. இந்த ஆண்டு ஜனவரியில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஏப்ரல் முப்பதில் ஞானகுமாரி ஓய்வு பெறுகிறார் என்பது ஒன்று. மே மாதம் நிலையம் வேறொரு நிலையத்தோடு இணைகிறது, பழைய கேன்களைக் காலி செய்க என்பது மற்றொன்று. ஏப்ரல் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, நைட்ரஜன் ஊற்றிய கையோடு, அவர் குப்பியை வெளியே எடுத்தார்.

ஒரு சுற்றில் எடுத்த முட்டைநீரையே அடுத்த சுற்று முட்டைகளுக்குள் செலுத்தி, ஒரு மாதிரியை மூன்று சுற்று பார்க்கலாம். மூன்றிலும் பொட்டு விழுந்தால் இல்லை என்று எழுதி மூட வேண்டியதுதான். பதினேழாம் தேதி முதல் சுற்று முடிந்தது, பொட்டு. இருபத்துமூன்றாம் தேதி இரண்டாம் சுற்று, பொட்டு. மூன்றாம் சுற்று முட்டைகளை நேற்று மாலை விளக்கொளியில் அவரே பார்த்தார். ஆறு முட்டையிலும் கரு உயிரோடு துள்ளியது; வைரஸ் தொட்ட அடையாளமே இல்லை. மறுநாள் நீர் எடுக்க அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். தான் 1987-இல் பார்த்தது வெறும் கண்மயக்கம்தான் என்றால் முப்பத்தோராண்டும் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னதான் பார்த்தோம் என்று வழியில் உத்தமனிடம் கேட்டாராம்.

"பஸ்ஸு வந்துச்சும்மா, ஏறுங்கோ" என்று மட்டும் உத்தமன் சொன்னாராம்.

இன்று காலை எட்டு மணிக்கே பட்டுப்புடவையோடு வந்து ஆய்வறைக் கதவைத் தள்ளிப் பார்த்தவரிடம், சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னோம். பொய். சாவி எழுத்தர் சத்தியராஜ் சட்டைப் பையில் இருந்தது. விழா நாளிலாவது உறவினர்களோடு உட்காரட்டும் என்று நினைத்தோம். அவர் உட்காரவில்லை, எட்டு மணியிலிருந்தே தாழ்வாரத்தில் நடந்ததை நீங்கள் அனைவரும் பார்த்தீர்கள். இதுவரை எழுதியது சென்ற வாரம் தொடங்கி இன்று காலை பதினொரு மணிக்கு அச்சில் ஏறியது. இந்த வரி அச்சாகும்போது முடிவு எங்களுக்கும் தெரியாது. நல்லதோ கெட்டதோ, அதை அடுத்த தாளில் கையால் எழுதி, இரண்டு தாளையும் ஒரே சட்டத்தில் மாட்டித் தருவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டாம் தாள். பகல் ஒரு மணி பத்து நிமிடம். எழுதுவது சத்தியராஜ். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, இனி மறுபடி தாங்கள்.

கஸ்தூரி இன்று காலை ஒன்பதரைக்குப் பின்கதவு வழியே ஆய்வறைக்குள் போய் ஆறு முட்டைகளையும் உடைத்து நீர் எடுத்தார். தட்டில் ஊற்றிச் சிவப்பணு சேர்த்தபோது மணி பதினொன்று நாற்பது. தாங்கள் செய்வதுபோல ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மனோகரன் ஐயாவும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் படர்ந்திருந்தது. முப்பதாவது நிமிடத்தில் படர்ந்திருந்தது. நாற்பதாவது நிமிடத்தில், விதி சொல்லும் அந்த நிமிடத்தில், ஆறு முட்டையின் நீரும் படர்ந்திருந்தது. ஓரம் கிழியாமல், பொட்டு விழாமல். கஸ்தூரி அழுதுவிட்டார்; எதுவானாலும் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அதைப் பார்க்க வேண்டாம் என்று முன்பே அச்சிட்டோம்.

வெள்ளைக் கழிச்சல் வைரஸை மட்டும் அடக்கும் சீரத்தையும் சேர்த்துப் பார்த்தோம். படர்வு அடங்கிப் பொட்டு விழுந்தது. ஆகவே அந்தக் குடும்பம்தான். கரு சாகவில்லை, ஆகவே சாதுவான கிளை. நெமிலிச்சேரிக் கோழிகளைக் கொன்ற குற்றத்தை அந்த விரல் இல்லாத நீலச்சிறகியின் மேல் சுமத்த நமக்கு இடமில்லை. எதையும் கொல்லாமல், யாருக்கும் தெரியாமல், அது தன்பாட்டுக்கு ஒரு வைரஸைச் சுமந்துகொண்டு வந்து போயிருக்கிறது. அதை அன்று பார்த்தது ஒரே ஒரு கண். ஊசி போட்ட கோழியின் முட்டைக்குள் அமுங்கிக் கிடந்ததை, நாற்பது நிமிடம் பொறுக்க முடியாமல் இருபதாவது நிமிடத்திலேயே நடந்து வந்து பார்த்த கண். தாங்கள் உட்கார்ந்திருந்தால் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள்!

ஓய்வாக இருங்கள் என்று வாழ்த்த எங்களுக்கு மனம் வரவில்லை; வாழ்த்தினாலும் கேட்கப்போவதில்லை. கண் மங்காமல், கால் நோகாமல், கேள்வி தீராமல், கிறிஸ்துராஜ் ஐயாவோடும் பிள்ளைகளோடும் நூறு குளிர்காலத்து வாத்துகளைக் கண்டு நலமுடன் வாழ்க! மூன்றாவது வரிசையில் பொன்னியம்மாள் ஒரு கூடையோடு வந்திருக்கிறார். அந்த முட்டைகளை இனிமேலாவது சமைத்துச் சாப்பிடச் சொல்கிறார். ஆறு கோழிக்கும் நாளையே ஊசி போட்டுவிடப் போகிறாராம்.

1987-ஆம் ஆண்டு நோட்டு மேடை மேசையில் திறந்தபடி இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே தாங்கள் அடித்த கோட்டின் பக்கத்தில் இடம் இருக்கிறது. அங்கே நாங்கள் யாரும் எதையும் எழுதவில்லை. அது தங்கள் கையால் எழுத வேண்டிய வரி. பேனா கஸ்தூரியிடம் இருக்கிறது. இப்போது எழுந்திருக்கலாம் அம்மா.

இவண்,
என்றும் தங்கள் நடையோசை கேட்டே வேலை செய்து பழகிய
களநிலையப் பணியாளர்கள்,
கரையான்சாவடி.